பள்ளி முடித்துப் போகும் பெண்களே, நீங்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

கடைசி வாரங்களில் பாடம் எடுக்க மனசு வராது, உங்களுக்கும் கேட்க மனசு இருக்காது. புத்தகத்தை மூடியதும் யாராவது ஒருத்தி "மிஸ், ஒண்ணு கேக்கலாமா?" என்று ஆரம்பிப்பாள், பிறகு மணி அடிக்கும் வரை கேள்விகள் ஓயாது. வருஷம் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். வகுப்பில் அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதுகிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில், சிலவற்றுக்கு நாலு வரி.

பெண்கள் மட்டும் இருந்த பள்ளியிலேயே படிச்சிட்டோம். இனி ஆண்களோடு சேர்ந்து படிக்கும்போது திணறுவோமா?

முதல் சில வாரம் கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். படிப்பில் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். பெண்கள் பள்ளி, ஆண்கள் பள்ளி, இருபாலர் பள்ளி எல்லாவற்றையும் ஒப்பிட்ட 184 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு பெரிய ஆய்வு 2014-ல் வந்தது. 21 நாடுகள், சுமார் 16 லட்சம் மாணவர்கள். அவற்றில் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், எந்த வகைப் பள்ளிக்கும் சொல்லிக்கொள்ளும்படி கூடுதல் பலன் தெரியவில்லை. அதனால் நீங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை, மேலானவர்களும் இல்லை.

என் கவலை வேறு. இங்கே எல்லா வேலையையும் நீங்கள்தான் செய்தீர்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உள்ளே இருக்கும்போது தெரியாது. ஆண்டு விழாவில் நாடகம் பாதியில் நிற்க மைக் ஊமையானபோது, பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி பட்டுப் பாவாடையை வாரிச் செருகிக்கொண்டு மேடைக்கு அடியில் நுழைந்தாள். கையில் செல்போன் வெளிச்சம். ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்து, கழன்று கிடந்ததைக் கண்டுபிடித்து, செருகி, டேப் சுற்றிவிட்டு, முழங்கால் முழுக்கத் தூசியோடு வெளியே வந்தாள். யாரும் கைதட்டவில்லை, ஏனென்றால் யாருக்கும் அது அதிசயமாகத் தெரியவில்லை. "யாராவது பையனைக் கூப்பிடு" என்ற பேச்சுக்கே இங்கே இடம் கிடையாது.

வெளியே இடம் உண்டு. ஆய்வகத்தில் நாலு பேர் சேர்ந்து சோதனை செய்யும்போது கருவி ஒரு பையன் கைக்குப் போகும், நோட்டு உன் கைக்கு வரும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, பழக்கத்தில் நடக்கிறது. உன் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டிக்கூடக் கொடுப்பார்கள். முதல் வாரத்திலேயே சொல்லிவிடு: "இன்னைக்கு நான் செய்யறேன், நீ எழுது. அடுத்த தடவை மாத்திக்கலாம்." சண்டையாகச் சொல்ல வேண்டாம், சாதாரணமாகச் சொன்னால் போதும். மூன்றாவது மாதத்தில் சொன்னால் அது புகார் மாதிரி கேட்கும்.

வகுப்பில் எழுந்து கேள்வி கேட்க வெட்கமா இருக்கும் மிஸ். இங்கே பரவாயில்லை, அங்கே எல்லாரும் பார்ப்பாங்க.

பார்க்கட்டும். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இதுதான் முக்கியம்.

பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் யார் கேள்வி கேட்கிறார்கள் என்று 10 நாடுகளில் ஏறக்குறைய 250 கூட்டங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2018-ல் வெளியான ஆய்வு. அரங்கில் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சம அளவில் இருந்தும், ஒரு கேள்வியை ஆண் கேட்கும் வாய்ப்பு பெண் கேட்பதைவிட இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் படிக்காதவர்கள் இல்லை, அதே துறையில் ஆராய்ச்சி செய்பவர்கள். இன்னொன்றையும் கவனித்தார்கள். முதல் கேள்வியை ஒரு ஆண் கேட்டால், அதற்குப் பிறகு பெண்கள் கேட்கும் கேள்விகளின் பங்கு குறைந்தது.

அப்படியானால் முதல் கையை நீ தூக்கு. உனக்காக மட்டுமில்லை, உனக்குப் பின்னால் வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவளுக்காகவும். கேள்வி பெரிதாக, அறிவாளித்தனமாக இருக்க வேண்டியதில்லை. "அந்த இரண்டாவது படி எப்படி வந்தது, இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்பது முழுமையான, மரியாதையான கேள்வி. வகுப்பில் பாதிப் பேருக்கு அதே சந்தேகம் இருக்கும்.

கேட்கும்போது "இது தப்பான கேள்வியா இருக்கலாம், ஆனா..." என்று தொடங்காதே. பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி கொடுத்த பெண்களில் பலரிடம் இந்தப் பழக்கம் இருந்தது. அந்த முதல் வாக்கியத்தை வெட்டிவிட்டு இரண்டாவது வாக்கியத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். வேறு எதையும் மாற்றவில்லை, பேச்சே நிமிர்ந்துவிட்டது.

எந்தப் படிப்பு எடுக்கிறதுன்னே தெரியலை. எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கு, எனக்கு மட்டும்தான் தெரியலை.

எல்லாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

படிப்பின் பெயரை வைத்து யோசிக்காமல், அந்த வேலையில் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். மருத்துவம் என்றால் நாள் முழுக்க நோயாளிகளோடு பேச்சு, ரத்தம், தூக்கமில்லாத இரவுகள். சட்டம் என்றால் பக்கம் பக்கமாகப் படிப்பது. கணினி என்றால் ஏன் ஓடவில்லை என்று தெரியாத ஒன்றோடு மணிக்கணக்காக மல்லுக்கட்டுவது. எந்த வேலையின் சலிப்பை உன்னால் தாங்க முடியும் என்று பார்ப்பது நல்ல வழி. ருசியான பகுதி எல்லா வேலையிலும் இருக்கிறது.

அப்புறம், முதலாம் ஆண்டு மாணவியிடம் கேட்காதே, இன்னும் புது மோகம் போயிருக்காது. மூன்றாம் ஆண்டில் இருப்பவளிடம் கேள். "சேர்ந்தது சரியா?" என்று கேட்டால் "சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். "போன வாரம் என்னென்ன செஞ்சே?" என்று கேள். அதில் உண்மை இருக்கும். பாடத்திட்டத்தை எடுத்து நாலு பாடத் தலைப்புகளையாவது தேடிப் படித்துப் பார். தோழி சேர்கிறாள் என்பதற்காக மட்டும் எதிலும் சேராதே.

மார்க் குறைஞ்சு போனா?

அன்றைக்கு ராத்திரி தனியாக இருக்காதே. அம்மாவோ அக்காவோ தோழியோ நானோ, யாரிடமாவது அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடு. மறுகூட்டல், மறுமதிப்பீடு, துணைத் தேர்வு போன்றவற்றுக்கான கடைசித் தேதிகள் வேகமாக ஓடிவிடும், அதனால் அழுது முடித்த கையோடு அந்தத் தேதிகளைப் பார். உன் வாழ்க்கையில் இந்த மார்க்கைக் கேட்கப்போகிறவர்கள் சொற்பம், அதுவும் முதல் சில வருஷங்களுக்குத்தான்.

செத்துப் போகலாமா என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால்கூட, அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, உடனே சொல்ல வேண்டிய விஷயம். நேரம் காலம் பார்க்காமல் சொல்.

வீட்டில் இதோட போதும், கல்யாணம் பண்ணலாம்னு பேசுறாங்க. என்ன செய்யறது?

இந்தக் கேள்வியை யாரும் வகுப்பில் கேட்பதில்லை. எல்லாரும் போன பிறகு, பையில் எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டே கேட்பார்கள்.

முதலில் சட்டப்படி நிற்க என்ன தரை இருக்கிறது என்று தெரிந்துகொள். 1948-ன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம், 16-ஆவது பிரிவில், இருவரின் முழுமையான, சுதந்திரமான சம்மதம் இருந்தால்தான் திருமணம் என்கிறது. அந்தச் சம்மதம் உன்னுடையது, உன் சார்பில் வேறு யாரும் கொடுக்க முடியாது. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கை பொதுவாக 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. பயமுறுத்தியோ அடித்தோ செய்ய முயன்றால் அது வீட்டு விவகாரம் இல்லை, குற்றம். உடனே எங்களிடம் வா.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் அப்படி இல்லை. அங்கே இருப்பது பயம். பணம் போதுமா, பெண் தனியாகப் போய் வருவாளா, நாலு பேர் என்ன சொல்வார்கள். அதனால் "எனக்குப் படிக்கணும்" என்று மட்டும் சொல்லாதே, அவர்கள் பயத்துக்கு ஒவ்வொன்றாகப் பதில் தயார் செய்துகொண்டு போ. கட்டணம் இவ்வளவு, உதவித்தொகை இது, விடுதி இங்கே, போகிற வழி இது, கூட வருகிறவள் இவள். ஒரு தாளில் எழுதிக் கொடு. பேச்சில் கோபம் வரும், தாளை வைத்துவிட்டுப் போனால் ராத்திரி எடுத்துப் படிப்பார்கள். வீட்டில் யார் பேச்சு எடுபடுமோ அவரை முதலில் உன் பக்கம் கொண்டு வா. நான் வந்து பேச வேண்டும் என்றால் வருகிறேன்.

முத்துலட்சுமி ரெட்டி பெயர் உங்களுக்குத் தெரியும். ஆண்கள் மட்டும் படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு இருந்தது, மன்னர் ஆதரவு கொடுத்த பிறகுதான் உள்ளே போனார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் மருத்துவப் பட்டம், 1927-ல் சட்டமன்ற மேலவை. அவர் திறமைசாலி என்பது மட்டும் போதவில்லை, கதவைத் திறக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. உதவி கேட்பது பலவீனம் என்று நினைத்துக்கொண்டு தனியாகப் போராடாதே.

உடனே நடக்கவில்லை, ஒரு வருஷம் தள்ளிப் போகிறது என்றால்? மரி கியூரி 1883-ல் பள்ளியைத் தங்கப் பதக்கத்தோடு முடித்தபோது அவருக்கு 15 வயது. அவர் ஊரான வார்சாவில் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்க்கவில்லை. பெண்களுக்காக ரகசியமாக நடந்த வகுப்புகளில் படித்தார், பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அக்காவின் படிப்புக்குப் பணம் அனுப்பினார். "நீ முதலில் படி, பிறகு நான்" என்பது இருவருக்கும் இடையே இருந்த ஒப்பந்தம். பாரிஸுக்குப் படிக்கப் போனது 1891-ல்தான், எட்டு வருஷம் கழித்து. 1903-லும் 1911-லும் நோபல் பரிசு வாங்கினார். அந்த எட்டு வருஷத்திலும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். தள்ளிப் போனால் சும்மா இருக்காதே. தொலைதூரக் கல்வியோ, ஒரு மொழியோ, தட்டச்சோ, ஏதாவது ஒன்று கையில் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

நாங்க இப்படியே எப்பவும் தோழிகளா இருப்போமா?

எல்லாரும் இருக்க மாட்டீர்கள். வாட்ஸ்அப் குழு முதல் மாதம் நிமிஷத்துக்கு நிமிஷம் அடிக்கும், பிறகு பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வரும். அதை துரோகம் என்று நினைக்காதீர்கள்.

ஒருவரோடு சும்மா பழகும் நட்பு வர சுமார் 50 மணி நேரம், நல்ல நட்புக்கு 90, நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று 2018-ல் ஒரு ஆய்வு கணக்குச் சொன்னது. இங்கே அந்த மணி நேரமெல்லாம் நீங்கள் கேட்காமலே கிடைத்தது, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாலே போதும். இனி நேரத்தை நீங்களாக ஒதுக்க வேண்டும். யாரை விட்டுவிடக் கூடாது என்று மனசுக்குள் இரண்டு மூன்று பேரை முடிவு செய்துகொள், அவர்களுக்கு மெசேஜ் அனுப்பாமல் போன் போட்டுப் பேசு. புது இடத்தில் முதல் மாதமே உயிர்த்தோழி கிடைக்கவில்லையே என்று ஏங்காதே, இன்னும் 200 மணி நேரம் ஆகவில்லை.

சண்டை போட்டுப் பேசாமல் இருப்பவர்கள் கடைசி நாளுக்குள் பேசிவிடுங்கள். பத்து வருஷம் கழித்து எதற்குச் சண்டை என்று நினைவிருக்காது, பேசவில்லை என்பது மட்டும் இருக்கும்.

யாராவது போட்டோவை வெச்சு மிரட்டினா?

பணம் கொடுக்காதே, இன்னொரு படம் அனுப்பாதே. கொடுத்தால் நிற்காது, இன்னும் கேட்பார்கள். மிரட்டல் செய்திகளை அழிக்கவும் கூடாது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு பிளாக் செய். அன்றைக்கே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல், போலீஸின் சைபர் பிரிவுக்குப் புகார் கொடுங்கள்.

படம் எடுக்கப்பட்டபோது உனக்கு 18 ஆகவில்லை என்றால் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது, பெரியவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ. இரண்டிலும் நீ படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உன் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு அடையாள எண் உருவாகும், அந்த எண் மட்டும் சமூக வலைத்தள நிறுவனங்களுக்குப் போகும். இதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிடும்.

படம் அனுப்பியது முட்டாள்தனம் என்று திட்டுவார்களோ என்று பயந்து பல பெண்கள் வாயே திறப்பதில்லை, மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் அதைத்தான். மிரட்டுகிறவன்தான் குற்றவாளி. என்னிடம் வந்து சொன்னால் நான் திட்ட மாட்டேன், முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பேன்.

உடம்பைப் பத்தி ஏதாவது சொல்லுங்க மிஸ்.

விடுதிக்குப் போனதும் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவீர்கள், எனக்குத் தெரியும். விடாதீர்கள். உலக அளவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் கிட்டத்தட்ட பத்தில் மூன்று பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி, படித்தது மனசில் நிற்கவில்லை என்றால் சோம்பேறித்தனம் என்று உன்னையே திட்டிக்கொள்ளாமல் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்து பார்.

மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீண்டாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து மாற்ற வேண்டியிருந்தாலோ டாக்டரைப் பார். மாதாமாதம் வகுப்புக்கே போக முடியாத அளவுக்கு வலி வந்தால் "எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே" என்று யார் சொன்னாலும் கேட்காதே. கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருக்கிறது, பலருக்குக் கண்டுபிடிக்கவே வருஷக்கணக்கில் ஆகிறது. காரணங்களில் ஒன்று, வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வளர்ப்பது.

பண விஷயம்?

உன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதன் ரகசிய எண் (பின் நம்பர்) உனக்கு மட்டும். காதலனோ, கணவனோ, அண்ணனோ, யார் கேட்டாலும் இது மாறாது. மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று ஒரு நோட்டில் எழுது. அவசரமாக வீடு திரும்ப ஆகிற செலவு எப்போதும் கையில் இருக்க வேண்டும், அதைத் தொடாதே. புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே, "சும்மா ஃபார்மாலிட்டி" என்று சொன்னாலும் படித்துவிட்டுப் போடு.

சான்றிதழெல்லாம் எப்படி வெச்சுக்கறது?

அசல் ஒரு கோப்பில், வீட்டில். நகல் பத்து செட் உன்னிடம். ஸ்கேன் செய்து உன் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் அலுவலகத்தில் நின்றபடியே சரிபார்த்துவிடு. ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் அன்றைக்கே திருத்துவது சுலபம், நாலு வருஷம் கழித்துத் திருத்துவதற்குள் அலைந்து ஓய்ந்துவிடுவாய். அசல் சான்றிதழை யாரிடமாவது கொடுத்தால் ரசீது வாங்கு.

கடைசி நாளில் என்ன செய்யணும்?

நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள். கழிப்பறை கழுவும் அம்மா, மணி அடிப்பவர், வாசலில் நிற்கும் காவலாளி இவர்களிடம் போய், பெயர் சொல்லி, நன்றி சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கு மேடையில் நன்றி கிடைத்துவிடும், அவர்களுக்கு நீங்கள் போனால்தான் உண்டு. அழுகை வந்தால் அழுங்கள், கூட நானும் அழுவேன்.

பரிந்துரைக் கடிதம் கேட்டா தருவீங்களா? எங்களை ஞாபகம் இருக்குமா?

தருவேன். ஆனால் நாளைக்குக் கடைசித் தேதி என்று இன்றைக்குக் கேட்காதே, இரண்டு வாரம் முன்னால் கேள். முழுப் பெயர், எந்த வருஷம், எந்தப் பிரிவு, எதற்கு விண்ணப்பிக்கிறாய், நீ இங்கே செய்தவற்றில் எதை நான் எழுத வேண்டும் என்று நினைக்கிறாய் என்பதை எழுதி அனுப்பு. இந்தக் கடைசி விஷயத்தில் தயங்காதே. "எல்லாம் உங்களுக்கே தெரியும் மிஸ்" என்று எழுதினால் பொதுவாக நாலு வரிதான் வரும். "மைக் ரிப்பேர் செஞ்சது நான்தான்" என்று எழுதினால், அதை வைத்து ஒரு பக்கம் எழுதுவேன்.